கயிறு எட்டுமா?

2024 ஆம் ஆண்டின் கார்த்திகை மழை யாழ்ப்பாணத்தார் எளிதில் மறக்கக்கூடியதொன்றன்று. அம்மழை நாள்களுள் ஒன்றிலே, விளக்கு வைக்கும் நேரத்திலே, நம் ஒழுங்கையின் கடைக்கோடியில் தனித்து வாழும் ஆச்சியார் ஒருவர், முழங்காலளவு நனைந்த சேலையோடு நம் வீட்டு விறாந்தைக்கு வந்தார். கையிலே பழைய பிஸ்கற் பேணி ஒன்று. காணி உறுதி, சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டுகள், காலஞ்சென்ற கணவரின் ஓய்வூதியப் பத்திரங்கள் ஆகியன அதனுள்ளே இருந்தன. “தம்பி, உது நனைஞ்சு போமெண்டு பயமாக் கிடக்கு. உம்மட அலுமாரியிலை வைச்சுக்கொள்ளும்” என்று பேணியை நம்மிடம் நீட்டினார்.

ஒழுங்கை முழுவதும் வெள்ளம் நின்றது உண்மையே. ஆயினும், மற்றையோர் முற்றங்களிலே இரண்டு நாளில் வடிந்த வெள்ளம் ஆச்சியாரின் முற்றத்திலே ஒன்பது நாள் நின்றது. காரணம் ஊரறிந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலே நம் ஒழுங்கைக்குக் கொங்கிறீற்று இட்டார்கள். இட்டது நன்றே, சைக்கிளிலே கல்லூரிக்குச் செல்லும் நமக்கு அதனாற் பெருமகிழ்ச்சி. ஆனால் ஒழுங்கை ஒரு சாண் உயர்ந்துவிட்டது. ஆச்சியாரின் படலைக்கு முன்னே இருந்த பழைய மதகு கொங்கிறீற்றின் கீழ் அகப்பட்டு மறைந்தொழிந்தது. வேலை நடந்த அன்றே அவர் வேலையாட்களிடம் சொன்னார். அவர்கள் மேற்பார்வையாளரைக் காட்டினார்கள். மேற்பார்வையாளர் கந்தோரைக் காட்டினார். கந்தோரிலே, எழுதிக் கொடுக்குமாறு சொன்னார்கள். வட்டார உறுப்பினரிடம் சொல்லலாமெனின், அந்நாளில் உறுப்பினரே இல்லை. நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக் காலம் 2023 மார்ச் மாதத்தோடு முடிந்துபோக, அடுத்த தேர்தல் 2025 மே மாதத்திலேதான் நடைபெற்றது என்பதை வாசகர் அறிவர். இடைப்பட்ட ஈராண்டுக்கு மேற்பட்ட காலமும் மன்றங்களை உத்தியோகத்தர்களே நடத்தினார்கள்.

எழுதிக் கொடுக்கும் பொறுப்பு நம்மீது விழுந்தது. பட்டதாரி ஆசிரியன் பக்கத்து வீட்டிலே இருக்கும்போது வேறு யாரிடம் போவது? நாமும் எழுதினோம். இப்பொழுது அக்கடிதத்தின் பிரதியை எடுத்துப் பார்க்க நமக்கே நாணமாக இருக்கின்றது. “கனம் பொருந்திய ஐயா அவர்கட்கு” என்று தொடங்கி, மன்றத்தின் அரும்பணிகளை ஒரு பந்தியிலே வாழ்த்தி, முதுமையின் துயரத்தை மறு பந்தியிலே உருக்கமாய் விரித்து, கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டி முடித்திருந்தோம். சந்திப்பிழை ஒன்றேனும் இல்லை. மதகு எங்கே இருந்தது, எப்பொழுது மறைந்தது, வெள்ளம் எத்தனை நாள் நின்றது, சபை செய்ய வேண்டியது யாது என்பவற்றுள் ஒன்றும் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பினோம். மறுமொழி வரவில்லை.

ஒரு முறைப்பாட்டை எவ்வாறு எழுதுவது என்பதை நமக்குப் படிப்பித்தவர் நம்மிடம் படித்த மாணவர் ஒருவரே. இலண்டனிலே குடும்பத்தோடு வாழும் அவர், தம் தாயாருக்கு நேர்ந்ததைப் பற்றி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். அங்கே வீட்டுக் குப்பைத் தொட்டியை உரிய நாளிலே வீட்டுக்காரரே தெருவோரத்திற் கொண்டுவந்து வைத்தல் வேண்டும். அது செய்ய இயலாத முதியோருக்கு, தொழிலாளர் வீட்டு வாயிலுக்கே வந்து தொட்டியை எடுத்துச் செல்லும் ஒழுங்கு உண்டு. அந்த அம்மையாருக்கும் நகரசபை அவ்வுதவியை அளிக்க ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் வண்டி ஒரு கிழமை வரும், மறு கிழமை வாயிலுக்கு வராமலே போய்விடும். மகன் தொலைபேசியிற் சொன்னால் மன்னிப்புக் கேட்பார்கள். முறைப்பாடு தீர்க்கப்பட்டது என்று எழுதுவார்கள். அடுத்த கிழமை மீண்டும் அதே கதை. ஏழெட்டு மாதம் இவ்வாறு கழிந்த பின்னர் அவர் ஒம்புட்ஸ்மனிடம் போனார்.

ஒம்புட்ஸ்மன் என்பது சுவீடன் நாட்டுச் சொல். பிறர் சார்பில் நின்று செயலாற்றுபவர் என்பது அதன் பொருள். 1809 ஆம் ஆண்டின் அரசியற் சட்டத்தினாலே சுவீடன் பாராளுமன்றம் இப்பதவியை உண்டாக்கியது. தென்மார்க்கு 1955 இலும், ஆங்கிலம் வழங்கும் நாடுகளுள் முதலாவதாக நியூசிலாந்து 1962 இலும் இதனை மேற்கொண்டன. பிரித்தானியாவிலே 1967 இல் மத்திய அரசின் திணைக்களங்களுக்கென ஓர் ஆணையாளர் வந்தார். வீதி, வீடு, குப்பை, பாடசாலை அனுமதி என்று மனிதனை நாள்தோறும் தொடுவன உள்ளூர்ச் சபைகளே ஆதலின், 1974 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் அவற்றுக்கெனத் தனி ஆணைக்குழுவொன்றை நிறுவிற்று. அதன் முதல் தலைவர் செரோட்டா சீமாட்டியார். முதியோர் பராமரிப்பும் பின்னர் சேர்க்கப்பட, இங்கிலாந்திலே அப்பதவி 2017 முதல் உள்ளூராட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன் என வழங்குகின்றது.

அவரிடம் போவதற்குப் பணம் வேண்டியதில்லை, சட்டத்தரணியும் வேண்டியதில்லை. ஆனால் எடுத்தவுடன் போகவும் முடியாது. முதலிலே சபையிடமே முறையிட்டு, சபை தன் தவறைத் தானே திருத்திக்கொள்ள வாய்ப்பளித்தல் வேண்டும். சபை கைவிரித்த பின்னரோ, நியாயமான காலத்துள் மறுமொழி தராதவிடத்தோ அவர் கதவு திறக்கும். குறையை அறிந்து 12 மாதத்துள் போதல் வேண்டும் என்பது பொதுவிதி. தக்க காரணமிருப்பின் விலக்களிப்பார்.

அதன்பின் அவர் கேட்பன இரண்டு வினாக்கள். சபையின் செயலிலே தவறு உண்டா? அத்தவறினாலே முறையிட்டவருக்குத் தீங்கு நேர்ந்ததா? இரண்டுக்கும் ஆம் என்ற விடை வந்தாலன்றிப் பரிகாரம் இல்லை. தவறு என்பதற்குச் சட்டத்திலே வழங்கும் தொடர் நிர்வாகச் சீர்கேடு என்பதாகும். அது யாதென்று சட்டம் வேண்டுமென்றே வரையறுக்கவில்லை. 1966 இலே பாராளுமன்றத்தில் அமைச்சர் ரிச்சர்ட் குரொஸ்மன் அதற்கு ஒரு பட்டியல் கொடுத்தார்: பக்கச்சார்பு, அசட்டை, கவனயீனம், தாமதம், திறமையின்மை, தான்தோன்றித்தனம் என்று அடுக்கிக்கொண்டே போய், இன்னோரன்ன பிறவும் என்ற வகையிலே வாலைத் திறந்து விட்டார். கந்தோர் வாயிலிலே காத்து நின்ற எவருக்கும் இப்பட்டியலுக்கு உரை வேண்டியதில்லை. அன்றியும், நடந்தது இன்ன வகைச் சீர்கேடு என்று பெயரிட்டுச் சொல்லும் கடமை முறையிடுபவருக்கு இல்லை. எந்தச் செயலைப் பற்றி முறையிடுகின்றார் என்பதைச் சொன்னாற் போதும் என்று 1979 ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் உள்ள பிராட்போட் வழக்கிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. நோயாளி நோவைச் சொன்னாற் போதும். நோயின் பெயரை வைத்தியர் சொல்லட்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வாசகர் சற்றே பொறுமையோடு நோக்குதல் வேண்டும். சபை செய்த முடிவு நல்லதா தீயதா என்று தீர்ப்பது ஒம்புட்ஸ்மனின் வேலையன்று. அம்முடிவை அடைந்த வழியிலே, அல்லது அதை நிறைவேற்றிய முறையிலே, பிழை உண்டா என்பதையே அவர் பார்ப்பார். நம் ஒழுங்கையை வைத்துச் சொல்வதாயின், எந்த ஒழுங்கைக்குக் கொங்கிறீற்று இடுவது, எத்துணை உயரம் இடுவது என்பன சபையின் விருப்பம். நமக்கு அது பிடிக்காவிடின் அடுத்த தேர்தலிலே காட்டலாம். ஆனால் நீர் வழியும் வழியைப் பாராமல் இட்டதும், ஆச்சியார் அன்றே சொல்லியும் குறித்து வைக்காமல் விட்டதும், பதிவுத் தபாலுக்கு மறுமொழி எழுதாமையும் அவ்வாறானவை அல்ல. முடிவு வேறு, சீர்கேடு வேறு. மேலும், ஒரு சபையின் எல்லைக்குள் வாழும் எல்லோரையும் அல்லது மிகப் பெரும்பாலோரையும் ஒருங்கே தாக்கும் விடயத்தை இங்கிலாந்துச் சட்டம் அவருக்கு விடவில்லை. வெள்ளம் ஊருக்கெல்லாம் பொதுவாயின் அது அரசியல். ஒரு முற்றத்திலே மட்டும் ஒன்பது நாள் நின்றால் அது முறைப்பாடு.

நம் மாணவரின் முறைப்பாட்டுக்கு வருவோம். புலனாய்வாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் முதலிலே தொலைபேசியில் அழைத்து, “உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்; சபை என்ன செய்தாற் சரியாகும் என்று நினைக்கின்றீர்கள்?” என்று கேட்டாராம். இந்த இரண்டாம் கேள்வியை நம் கடிதம் ஆச்சியாரிடம் கேட்கவேயில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றோம். பின்னர் சபையிடம் வண்டிகளின் நாட்பதிவு கேட்கப்பட்டது. சாட்சிகளை அழைப்பதற்கும் ஆவணங்களைப் பெறுவதற்கும் உயர் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஒம்புட்ஸ்மனுக்கும் உண்டு ஆதலின், கோப்பைக் காணவில்லை என்று கைகழுவிவிடல் எளிதன்று. நாட்பதிவு வந்தது. அதிலே பெரும்பாலான செவ்வாய்க்கிழமைகளுக்கு நேரே, வேலை முடிந்தது என்ற குறி இருந்தது!

அம்மையாரிடம் இருந்ததோ கோயிலிலே இலவசமாகக் கொடுத்த நாட்காட்டி. இராகு காலமும் நல்ல நேரமும் அச்சிட்ட அந்தத் தாள்களிலே, வண்டி வாயிலுக்கு வராத ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், அம்மையார் தம் கையெழுத்திலே “வரவில்லை” என்று எழுதி வைத்திருந்தார். யாருக்கும் காட்டுவதற்காக அன்று. மகன் கேட்டாற் சொல்வதற்காக. மகன் அத்தாள்களைப் படம்பிடித்து, மொழிபெயர்ப்போடு அனுப்பினார். நாளும் தேதியும் ஒழுங்காக உடைய குறிப்பாதலின் புலனாய்வாளர் அதனை ஏற்றார். சபையின் முந்திய மன்னிப்புக் கடிதங்களின் தேதிகளும் நாட்காட்டியோடு ஒத்திருந்தன, நாட்பதிவோடு ஒத்திருக்கவில்லை.

முடிவை எழுதிய பின்னரும் உடனே வெளியிடார். வரைவு ஒன்றை இரு பகுதியாருக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்பார். இது நமக்கு மிகவும் பிடித்த வழக்கம். தவறு கண்ட பின்னரும், தவறு செய்தவர் சொல்வதை ஒருமுறை கேட்பது முறைதானே. இறுதியிலே, சபையிடம் தவறு உண்டென்றும் அதனால் முதியவர் அல்லலுற்றார் என்றும் முடிவாயிற்று. சபை எழுத்திலே மன்னிப்புக் கேட்டது. 150 பவுண் கொடுத்தது. மூன்று மாதம் அவ்வீட்டுக்கு வண்டி வருவதை ஒவ்வொரு கிழமையும் கண்காணித்து அறிக்கை தருவதாக ஏற்றது. அப்பணத்தை அம்மையார் செலவிடவில்லையாம். மன்னிப்புக் கடிதத்தை மட்டும் இரண்டு முறை தமிழிலே வாசிக்கச் சொல்லிக் கேட்டார் என்று மாணவர் எழுதியிருந்தார்.

ஒம்புட்ஸ்மன் கூறுவது பரிந்துரையே, கட்டளையன்று. சபை மறுத்தால் சிறையும் இல்லை, தண்டப்பணமும் இல்லை. அவர் கையிலுள்ள ஆயுதம் பகிரங்கம். பொது அறிக்கை வெளியிடுவார். சபை மூன்று மாதத்துள் தான் செய்தது யாதென அறிவித்தல் வேண்டும். அதன்பின்னும் இணங்காவிடின் இரண்டாம் அறிக்கை. அதற்கும் இணங்காவிடின், தன் பிழையை விளக்கும் கூற்றொன்றைச் சபை தன் செலவிலேயே பத்திரிகையில் வெளியிட நேரும். நாணத்தை நம்பி நிற்கும் இம்முறை நடைமுறையில் நிற்குமா என்று நாம் ஐயுற்றோம். ஆயின், அண்மை ஆண்டுகளிலே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பரிந்துரைகளைச் சபைகள் ஏற்று நிறைவேற்றியதாக அவர்தம் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. இதனாலே அங்கே எல்லாம் பொன்னுலகம் என்று கொள்ளற்க. ஆண்டொன்றுக்கு வரும் 15,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகளுள் பெரும்பகுதி முழு விசாரணைக்குப் போவதேயில்லை. உரிய காலத்துக்கு முன் வந்தது, எல்லைக்குப் புறம்பானது, தீங்கு சிறிது என்று தொடக்கத்திலேயே மூடப்படுவன பல. தீங்கு சிறிதென்று எழுதிய கடிதத்தைப் பெறுபவருக்கு அது சிறிதாய் இராது.

வகுப்பிலே வரலாறு படிப்பிப்பவர் ஆதலின் நமக்கு இவ்விடத்திலே எல்லாள மன்னன் நினைவு வருகின்றது. கன்றிழந்த பசு மணியடித்த கதையைத் திருவாரூர்ச் சோழனுக்கும் அநுராதபுரத்து எல்லாளனுக்கும் உரியதாய் எல்லோரும் அறிவர். மகாவம்சம் எல்லாளனைப் பற்றிக் கூறும் வேறொரு சிறு கதையை நாம் அதனிலும் மேலாக மதிக்கின்றோம். கிழவி ஒருத்தி நெல்லைக் காயவைத்தாள். பருவந் தப்பிய மழை பெய்து நெல் நனைந்தது. அவள் நனைந்த நெல்லோடு சென்று மணியை அடித்தாள். மழைக்கு நான் பொறுப்பாளியல்லேன் என்று மன்னன் சொல்லவில்லை; நோன்பிருந்து தேவரை வேண்டி, உரிய காலத்தில் மட்டும் மழை பெய்யுமாறு செய்தான் என்பது கதை. மாணவர் மழை நின்றதை வியப்பர். நாம் வியப்பது அந்தக் கயிற்றை. மன்னனின் படுக்கைத் தலைமாட்டிலே மணி. அதன் கயிறோ நெடுந்தூரம் நீண்டு, நீதி வேண்டுவோர் கைக்கு எட்டியது. இடையிலே ஒரு வாயிற்காவலன் இருந்திருப்பின், நெல் நனைந்ததற்கெல்லாம் அரசனை எழுப்புவதா என்று கிழவியைத் திருப்பி அனுப்பியிருப்பான்.

இங்கிலாந்திலே தொடக்கத்தில் அத்தகைய காவலன் இருந்தான். 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முறைப்பாட்டைச் சபை உறுப்பினர் ஒருவரின் வாயிலாகவே அனுப்புதல் வேண்டும். உறுப்பினர் அனுப்ப மறுத்தாலன்றி மக்கள் நேரே போதல் இயலாது. எவர்மீது குறையோ அவர் வீட்டாரிடமே கயிற்றைக் கொடுத்து வைத்ததற்கு இஃது ஒப்பாகும். 1988 இலே அத்தடை நீக்கப்பட்டது, முறைப்பாடுகள் பெருகின. புதிய குறைகள் பிறந்தமையால் அன்று, பழைய குறைகளுக்கு வழி திறந்தமையாலே பெருகின என்று கொள்வதே பொருத்தம்.

நம் நாட்டிலே இப்பதவி இல்லையோ எனின், உண்டு. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 156 ஆம் உறுப்புரை அதற்கு இடந்தந்தது. 1981 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தினாலே நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் பதவி பிறந்தது. அரச உத்தியோகத்தர், கூட்டுத்தாபன உத்தியோகத்தர் மட்டுமன்றி உள்ளூராட்சி மன்ற உத்தியோகத்தர் இழைக்கும் அநீதியும் அவருடைய விசாரணைக்கு உட்பட்டதே. பாராளுமன்றத்தின் செயலாளர் நாயகமாய் விளங்கிய சாம் விஜேசிங்க முதலாவது ஆணையாளரானார். ஆனால் இங்கும் கயிறு உயரத்திலேயே தொங்கிற்று. முறைப்பாடு பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் வாயிலாகப் பொதுமனுக் குழுவுக்குச் சென்று, அங்கிருந்து ஆணையாளரிடம் செல்லல் வேண்டும். 1994 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின்னரே எவரும் நேரே எழுதும் உரிமை வந்தது.

அவ்வுரிமை வந்து முப்பது ஆண்டுக்கு மேலாயிற்று. நம் கல்லூரி ஆசிரியர் அறையிலே ஒருநாள் இதனைக் கேட்டுப் பார்த்தோம். பதின்மர் இருந்த அவையிலே இருவர் மட்டுமே அறிந்திருந்தனர். அவருள் ஒருவர், அது அரச ஊழியரின் இடமாற்றத் தகராறுகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தார். நாமும் மாணவரின் கடிதம் வரும்வரை பதினொருவராய் அறியாதார் பக்கத்திலேதான் இருந்தோம். பெட்டிசம் எழுதுவதிலே நம்மவர் யாருக்கும் இளைத்தவர் அல்லர். எல்லைவேலிக் கதியாலுக்குக்கூடப் பெட்டிசம் எழுதிய ஊர் இது. மொட்டைக் கடிதம் எழுதுவோரும் உளர். பெயரும் தேதியும் விவரமும் இட்டு, உரிய இடத்துக்கு, உரிய வரிசையிலே எழுதும் பழக்கந்தான் அரிது.

மாணவரின் கடிதத்தை வாசித்து முடித்த மாலையே ஆச்சியாரிடம் சென்றோம். “ஆச்சி, வெள்ளம் எவ்வளவுக்கு நிண்டது எண்டு ஏதும் குறிச்சு வைச்சிருக்கிறியளோ?” என்று கேட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் நம்மைக் குசினிக்கு அழைத்துச் சென்று சுவரைக் காட்டினார். அடுப்புக் கரியினாலே ஒன்பது கோடுகள். நாளுக்கு ஒன்றாக, வெள்ளம் ஏறிய உயரமும் இறங்கிய உயரமும். மேற்கோடு அடுப்பு மேடைக்கு நான்கு விரல் கீழே. “படிச்ச தம்பி கேப்பீர் எண்டு பாத்தனான், கேக்கேல்லை” என்றார். நாம் முதற் கடிதம் எழுதிய நாளிலும் அக்கோடுகள் அங்கே இருந்தன. நாம் விறாந்தையோடு திரும்பிவிட்டோம்.

இரண்டாவது கடிதம் ஒரு பக்கந்தான். மதகு இருந்த இடத்தைப் படமாக வரைந்தோம். வேலை நடந்த மாதம், ஆச்சியார் கந்தோருக்குப் போன நாள், முதற் கடிதத்தின் பதிவுத் தபால் இலக்கம், ஒன்பது கோடுகளின் அளவு ஆகியவற்றை எழுதினோம். ஆச்சியார் வேண்டியது யாதென்று கேட்டு அவர் சொன்னபடியே எழுதினோம். நட்டஈடு அவர் கேட்கவில்லை. மதகைத் திறந்து நீரை வாய்க்காலுக்கு விட்டாற் போதும் என்றார். குறித்த நாளுக்குள் மறுமொழி வாராவிடின், பாராளுமன்ற ஆணையாளருக்கு நேரே எழுதவிருக்கின்றோம் என்பதையும் பணிவாகவே குறிப்பிட்டோம். வாழ்த்துப் பந்தியை விட்டுவிட்டோம்.

அது சென்று இன்றைக்கு ஐந்து வாரம். மூன்றாவது வாரத்திலே, கடிதம் கிடைத்தது என்று இரண்டு வரி வந்தது. சென்ற வியாழக்கிழமை தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர் அளவு நாடாவோடு வந்து, ஒழுங்கையையும் முற்றத்தையும் அளந்து, குசினிச் சுவரையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். மதகு இன்னும் திறக்கப்படவில்லை. நாம் குறித்த நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கின்றன. கொழும்புக்கு எழுத வேண்டிய கடிதத்தையும் எழுதித் தேதியிடாமல் வைத்திருக்கின்றோம். பிஸ்கற் பேணி நம் அலுமாரியிலேயே இருக்கின்றது. உத்தியோகத்தர் வந்து போன மறுநாள் ஆச்சியார் அதனைக் கேட்டு வந்தார். பின்னர் வானத்தைப் பார்த்துவிட்டு, “இந்த மாரியும் போகட்டும் தம்பி” என்று சொல்லித் திரும்பிப் போனார்.